புதிய திரைப்பாட்டுகள் பழையவற்றுக்கு ஈடாகின்றனவா? மெல்லிசை மேடையிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: செல்லூர் மெல்லிசைக்காரர்

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் திருமண வரவேற்பு, காதணி விழா, கோயில் திருவிழா ஆகியவற்றுக்குப் பாடச் செல்லும் மெல்லிசைக் குழு ஒன்றில் நெடுங்காலமாகக் கீபோர்டு வாசித்து வருகிறேன். மேடையில் அமர்ந்து கூட்டத்தைப் பார்க்கும்போது எனக்குத் தென்படும் ஒரு வேறுபாட்டைப் பற்றி, இசை அறிந்தவர்கள் பலர் இங்கே எழுதுவதால், கேட்க விரும்புகிறேன்.

இந்த ஆண்டு வெளிவந்து எல்லோர் கைப்பேசியிலும் ஒலிக்கும் பாட்டை எடுத்தால் இளைஞர்கள் உடனே எழுந்து ஆடுகிறார்கள். பல்லவியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரியை எங்களோடு சேர்ந்து உரக்கப் பாடவும் செய்கிறார்கள். ஆனால் அந்த வரி முடிந்து பாட்டு வேறிடத்துக்குப் போனவுடன் கூட்டத்தின் குரல் அடங்கிவிடுகிறது. 1980களின் பாட்டு ஒன்றைத் தொடங்கினால், அது வெளிவந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள்கூட இரண்டாம் சரணம் வரை சொல் தவறாமல் பாடுகிறார்கள்; இடையிசையில் வரும் புல்லாங்குழலை வாயாலேயே ஒலித்துக் காட்டுபவர்களும் உண்டு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதிய பாட்டை நாங்கள் ஒத்திகை பார்த்துத் தேறும் வேளையில் அதைக் கேட்போர் குறைந்துவிடுகிறார்கள். அடுத்த சித்திரைத் திருவிழாவுக்குள் அந்தப் பாட்டு எங்கள் பட்டியலில் இருப்பதில்லை.

இதைக் கொண்டு இன்றைய திரையிசை முந்தைய பத்தாண்டுகளின் இசைக்கு ஈடாகவில்லை என்று முடிவு கட்டலாமா, அல்லது ஒப்பிடும் முறையே பிழையானதா? 'எங்கள் காலத்தில்' என்று தொடங்கும் விடைகளையும், இளையராஜாவா ரகுமானா என்ற தீராத வழக்கையும் தவிர்த்துக் காரணங்களை எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: திருநகர் தமிழாசிரியர் (ஓய்வு)

ஐயா, பாட்டில் யார் பெரியவர் என்ற வழக்கு மதுரைக்குப் புதியதன்று. பாண்டியன் அவையில் ஏமநாதனுக்கும் பாணபத்திரனுக்கும் இடையே எழுந்த போட்டியைத் தீர்க்க இறைவனே விறகுக் கட்டோடு வந்து திண்ணையில் அமர்ந்து பாட வேண்டியிருந்தது. நமக்கு அந்த வசதி இல்லாததால் சற்றுப் பொறுமையாகத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

பழைய பாட்டுகள் எல்லாம் சிறந்தவை என்ற எண்ணம் எப்படி உண்டாகிறது என்பதை முதலில் பார்க்கலாம். நாம் இன்று கேட்பவை காலம் என்னும் சல்லடையில் தங்கியவை. கீழே விழுந்தவற்றை எவரும் மேடையில் பாடச் சொல்வதில்லை, ஆகவே அவை இருந்ததாகவே நமக்கு நினைவில்லை. 1950களில் இந்திப் படங்களின் மெட்டுகளை அப்படியே எடுத்துக்கொண்டு அவற்றில் தமிழ்ச் சொற்களை நிரப்பித் தரும்படி தயாரிப்பாளர்கள் கேட்பது வழக்கமாக இருந்தது. அவ்வாறு பிறந்தவற்றுள் சில நன்றாக அமைந்தன என்றாலும், பெரும்பாலானவை படம் கொட்டகையை விட்டுப் போனபோது கூடவே போய்விட்டன. நான் கல்லூரியில் படித்த 1970களின் தொடக்கத்தில் நம் ஊர் விழாக்களின் மைக் செட்டுகளில் 'ஆராதனா', 'பாபி' படங்களின் இந்திப் பாட்டுகள்தாம் ஓயாமல் ஒலித்தன. பொருள் தெரியாமலே அவற்றைப் பாடித் திரிந்த எங்களைப் பார்த்து, தமிழ்ப் பாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று பெரியவர்கள் வருந்தினார்கள். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அன்றைய மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரத்திலிருந்து சென்றவர் அந்த வருத்தத்துக்கு வேலையில்லாமல் செய்துவிட்டார். ஆகவே, இன்றைய புலம்பலைக் கேட்கும்போது எனக்குப் பெரிய கலக்கம் எதுவும் உண்டாவதில்லை.

ஆனால் ஒரு செய்தியில் மட்டும் நான் பழமையின் பக்கம் நிற்கிறேன். அது சொல். மதுரையில் பிறந்த டி. எம். சௌந்தரராஜன் பாடும்போது ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே காதில் விழும். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத பி. சுசீலாவின் உச்சரிப்பை வகுப்பில் எடுத்துக்காட்டாகவே சொல்லலாம். மெட்டும் வாத்தியங்களும் சொல்லுக்கு வழிவிட்டு நின்றன. 29 வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வரிகளை எழுத்தறியாதவர்களும் ஒரே முறை கேட்டு மனத்தில் இருத்திக்கொண்டதற்கு அந்தத் தெளிவும் ஒரு காரணம். இலங்கை வானொலியில் மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது போன்றோர் பாட்டை ஒலிபரப்புமுன் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் பெயர்களைச் சொல்லுவார்கள். கேட்பவர்களும் இன்னார் எழுதியது என்று அறிந்தே கேட்டார்கள். கொட்டகை வாசலில் சில காசுகளுக்குப் பாட்டுப் புத்தகம் கிடைத்தது; அதை வாங்கி மனப்பாடம் செய்தவர்களே பிற்பாடு பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டினார்கள். இன்று பல பாட்டுகளில் குரல் வாத்தியங்களுக்குள் புதைந்து கிடக்கிறது. எழுதியவர் யார் என்று தேடினாலும் எளிதில் தெரிவதில்லை. இரண்டாம் சரணம் வரை பாடுகிறார்களே என்று வியக்கிறீர்கள். சொல் காதில் விழுந்தால்தானே பாட முடியும்?

மறுமொழி: மேலூர் ஒலிப்பதிவாளர்

சென்னையில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் பணிபுரிகிறேன். கேள்வி கேட்ட அண்ணன் மேடையில் கண்டது மெய்தான் என்பதே என் கருத்து. அதற்கான காரணம் பெரும்பாலும் பாட்டு உருவாகும் முறையில் இருக்கிறது.

1960களில் ஒரு பாட்டைப் பதிவு செய்வதென்றால் பாடகர், வயலின்காரர்கள், தபலா, குழல், கோரஸ் பாடுவோர் என அனைவரும் ஒரே கூடத்தில் கூடி, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓட்டத்தில் வாசித்து முடிக்க வேண்டும். கடைசிச் சரணத்தில் ஒருவர் தவறினாலும் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். இதனால் பாட்டின் ஒவ்வோர் அடியும் பதிவுக்கு முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் இளையராஜா ஒவ்வொரு கருவிக்கும் உரியதை மேற்கத்திய இசைக்குறிப்பாகத் தாளில் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்தபோதும், பாட்டு முழுவதும் முன்னதாகவே ஒருவர் மனத்தில் முடிந்திருந்தது. அவருடைய பாட்டுகளில் பல்லவிக்குப் பின் வரும் இடையிசை ஒன்று, முதல் சரணத்துக்குப் பின் வருவது வேறொன்று. இரண்டு சரணங்களுக்கும் மெட்டு ஒன்றே என்றாலும் அங்கே போய்ச் சேரும் வழி வேறாக இருக்கும். அடுத்து வருவது என்ன என்று காது எதிர்பார்க்கப் பழகுகிறது. எதிர்பார்த்துக் கேட்டதுதான் நினைவில் நிற்கிறது. புல்லாங்குழலை வாயால் ஒலிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அது இதன் விளைவு.

இன்றைய நடைமுறையில் பெரும்பாலும் முதலில் உருவாவது நாங்கள் லூப் என்று சொல்லும் ஒரு சிறு துண்டு. அது திரும்பத் திரும்ப ஓட, அதன்மேல் மற்றவை அடுக்கப்படுகின்றன. பாடகர் வரி வரியாகவும், சில வேளைகளில் சொல் சொல்லாகவும் பாடிவிட்டுப் போகிறார். சுருதி விலகினால் திருத்தித் தரும் மென்பொருள் 1997 முதலே கிடைக்கிறது. இம்முறையில் செய்த பாட்டு தாழ்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதில் பாட்டை வளர்த்துக்கொண்டு போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இரண்டாவது இடையிசை தேவையா என்ற கேள்வி எழும்போது, முதலில் செய்ததையே மறுபடி ஒட்டிவிடலாம் என்ற விடை மிக அருகில் காத்திருக்கிறது.

பாட்டு குட்டையாகிவிட்டது என்ற குறையைப் பலர் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். அந்த அளவுக்குள்ளேயே பல்லவியும் சரணங்களும் இடையிசையும் அமைந்த பாட்டுகள் ஏராளம். இன்றும் ஏறத்தாழ அதே மூன்று நிமிடம்தான், ஆனால் அதில் பாதி ஒரே வரிக்குப் போய்விடுகிறது. இதற்கு வணிகக் காரணம் உண்டு. ஸ்பாட்டிஃபை தளத்தில் ஒரு பாட்டு 30 வினாடியாவது ஒலித்தால்தான் அது கேட்கப்பட்டதாகக் கணக்கில் ஏறும். அதற்குள் கேட்பவர் விரலால் தள்ளிவிட்டுப் போகாதிருக்க, மனத்தில் ஒட்டும் வரியை முன்னாலேயே கொண்டுவந்து வைக்கிறார்கள். ரீல்ஸ் காணொளிக்கு அந்த ஒரு வரியே போதும். நிதானமாகத் தொடங்கி, வீணையோ குழலோ வாசித்து, பிறகு மெல்லப் பல்லவிக்கு வரும் பாட்டைக் கேட்டு வாங்குவோர் மிகவும் குறைந்துவிட்டார்கள்.

பார்சிலோனாவைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சிலர் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1955 முதல் 2010 வரை வெளிவந்த நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கத்திய வெகுமக்கள் இசைப் பதிவுகளைக் கணினியால் அளந்து, ஸ்வரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செல்லும் வழிகளின் வகைமை குறைந்திருக்கிறது, ஒலியின் நிறங்கள் ஒன்றுபோலாகி வருகின்றன, பதிவின் ஒலிப்பளவு கூடிக்கொண்டே வந்திருக்கிறது என்று கண்டார்கள். அது தமிழ்ப் பாட்டுகளைப் பற்றிய ஆய்வன்று. அதை இங்கே அப்படியே பொருத்திவிடக் கூடாது. எனினும் ஒலிப்பளவைப் பற்றிய பகுதியை நான் நாள்தோறும் கண்ணால் காண்கிறேன். 1970களின் பதிவைக் கணினித் திரையில் அலை வடிவாகப் பார்த்தால் மேடும் பள்ளமும் தெரியும். இன்றைய பதிவு பெரும்பாலும் இடைவெளியற்ற ஒரு கறுப்புப் பட்டை. மெல்ல ஒலிப்பதற்கு இடமில்லாத பாட்டில் உரக்க ஒலிப்பதற்கும் பொருளில்லை. தமிழாசிரியர் ஐயா சொன்ன, குரல் புதைந்துபோகும் நிலைக்கு இதுவும் ஒரு காரணம்.

கருவியை மட்டும் குற்றவாளியாக்க வேண்டாம். 1992இல் 'ரோஜா' படத்தின் பாட்டுகள் ஏ. ஆர். ரகுமானின் வீட்டுக் கூடத்தில், கணினியும் சின்தசைசரும் பெரும்பங்கு வகிக்க உருவானவை. இயந்திர இசை என்று அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்தப் பாட்டுகள் நிலைத்துவிட்டன, உங்கள் குழுவின் பட்டியலிலும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: ஆனையூர் இளையவர்

கேள்வி கேட்டவர் வைத்திருக்கும் தேர்வே ஒருபக்கச் சாய்வுடையது என்பது என் எண்ணம். திருமண மேடையில் கூட்டம் சேர்ந்து பாடுகிறதா என்பது பாட்டின் தரத்துக்கு அளவுகோல் ஆகுமா? தனியே காதில் மாட்டிக்கொண்டு கேட்பதற்கென்றே செய்யப்பட்ட பாட்டு மேடையில் தோற்றால் அதில் வியப்பில்லை.

பழைய பாட்டு எல்லோருக்கும் தெரிந்திருப்பதற்கு அதன் சிறப்பு மட்டுமே காரணமன்று. அன்று கேட்பதற்கு இருந்தவை சில வானொலி நிலையங்கள், தெருவில் கட்டிய மைக் செட், டேப் ரிக்கார்டர் வைத்த பேருந்து ஆகியவையே. மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாகத் தேனிக்குப் போகும் தனியார் பேருந்தில் ஏறினால் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஓட்டுநர் போடும் 1980களின் பாட்டுகளைத்தான் கேட்டாக வேண்டும். இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். என் தலைமுறை அந்தச் சரணங்களைக் கற்றது அங்கேதான். இன்று ஒரே வீட்டில் நால்வர் நான்கு விதமான பாட்டுகளைக் கேட்கிறார்கள். அனைவருக்கும் பொதுவான பாட்டு உருவாவது கடினம் என்பதை, நல்ல பாட்டு உருவாகவில்லை என்று மாற்றிச் சொல்லக் கூடாது.

கதை சொல்லும் முறையும் மாறிவிட்டது. பாத்திரங்கள் வாயசைத்துப் பாடும் காட்சிகள் குறைந்து, கதை நகரும்போது பின்னால் ஒலிக்கும் பாட்டுகள் கூடிவிட்டன. அங்கே முதல் சரணத்துக்குப் பின் காட்சி முடிந்துவிடுகிறது. இரண்டாவது சரணத்தை எங்கே வைப்பது? '96' படத்துக்குக் கோவிந்த் வசந்தா செய்த இசையைக் கேளுங்கள், சந்தோஷ் நாராயணன், ஷான் ரோல்டன் ஆகியோரின் பாட்டுகளைக் கேளுங்கள். மெட்டு வறண்டுவிட்டது என்று சொல்ல மனம் வராது. திரைப்படத்தில் இடம்பெறாமலேயே 2021இல் தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' உலகெங்கும் சென்றது. ஒப்பாரியின் சாயலும் உழைத்த மூதாதையரின் நினைவும் கலந்த அத்தகைய பாட்டுக்கு முந்தைய பத்தாண்டுகளில் இவ்வளவு பெரிய வாசல் திறந்திருக்குமா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. பழைய பாட்டுகளின் வரிகளைப் புகழும் ஐயாவிடம் பணிவோடு ஒன்று சொல்கிறேன்: பெண்களை அடக்கிவைப்பதையே அறிவுரையாகப் பாடிய பாட்டுகளும் அந்தத் தெளிவான உச்சரிப்பில்தான் வந்தன.

எனக்கு எதிரான சான்று ஒன்றை நானே தருகிறேன். 2024இல் வந்த 'லப்பர் பந்து' படத்தில், 1989இன் 'பொன்மனச் செல்வன்' படப் பாட்டு ஒன்றை எடுத்துப் பயன்படுத்தினார்கள். பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் அதைப் பாடித் திரிந்தார்கள். இளமை நினைவுதான் பழைய பாட்டை உயர்த்திக் காட்டுகிறது என்ற வழக்கமான விளக்கம் இங்கே செல்லாது, ஏனென்றால் அந்தப் பிள்ளைகளுக்கு 1989 பற்றி எந்த நினைவும் இல்லை. அதே சமயம் அந்தப் பாட்டு அவர்களை வந்தடைந்தது புதிய படம் ஒன்றின் தோளில் ஏறித்தான் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மறுமொழி: உசிலம்பட்டி மைக் செட்

இசை நுட்பம் எனக்குத் தெரியாது. ஒலிபெருக்கி கட்டுவது தொழில். யாரும் சொல்லாத ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முன்பு பனைமரத்திலும் கோயில் கோபுரத்திலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, தாழ்ந்த ஒலிகளை ஏறத்தாழ முழுவதும் விழுங்கிவிடும். மனிதக் குரலும் குழலும் வயலினும் இருக்கும் நடுப்பகுதியை மட்டும் கூர்மையாக எடுத்து இரண்டு மூன்று ஊர்களுக்கு அனுப்பும். பழைய பாட்டின் உயிர் அந்த நடுப்பகுதியில் இருந்ததால் அது தப்பித்தது. இன்றைய பாட்டின் உயிர் அடியில் அதிரும் பேஸ் ஒலியில் இருக்கிறது. அதைக் குழாயில் போட்டால் தகரத்தைத் தட்டுவது போலத்தான் கேட்கும். இப்போது குழாய் கட்டக் காவல்துறை அனுமதி தருவதில்லை, பெட்டி ஒலிபெருக்கிதான் வைக்கிறோம். அதில் புதிய பாட்டு நெஞ்சில் இடிக்கிறது, இளைஞர்களுக்கு அதுதான் வேண்டியிருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் நிறுத்திவிட வேண்டும் என்ற விதி இருப்பதால், கடைசி அரை மணி நேரத்தில் என்ன போடுவது என்பதில் வீட்டாருக்குள்ளேயே சண்டை வந்துவிடும். பெரும்பாலும் பெரியவர்கள்தான் வெல்கிறார்கள், பணம் கொடுப்பவர்கள் அவர்கள் என்பதால்.

மறுமொழி: செல்லூர் மெல்லிசைக்காரர்

அனைவருக்கும் நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட விடைகள் பல திசைகளில் சென்றிருக்கின்றன.

ஆனையூர்த் தம்பி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். கூட்டம் பாடுகிறதா என்பது முழுமையான அளவுகோல் ஆகாது. ஆனால் திரைப்பாட்டு தன்னை வெகுமக்களுக்கான இசை என்று சொல்லிக்கொள்ளும்வரை, அந்த மக்கள் அதைத் தம் வாயில் எடுத்துக்கொள்கிறார்களா என்று பார்ப்பதை முறையற்றது என்று தள்ளவும் முடியாது. தனியே கேட்பதற்கென்றே செய்த பாட்டு சிறந்ததாக இருக்கலாம். அது பொதுப்பாட்டின் இடத்தை நிரப்பவில்லை என்பதுதான் நான் மேடையில் காண்பது. பேருந்தைப் பற்றிச் சொன்னது சரியே, ஆனால் அந்த ஓட்டுநரைக் கட்டாயப்படுத்தியவர் எவரும் இல்லையே. எத்தனையோ புதிய பாட்டுகள் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, அவர் அதையே தேர்ந்தெடுக்கிறார்.

ஒலிப்பதிவாளர் தம்பி எழுதியதைப் படித்தபின் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. இது பாட்டின் தரத்தைப் பற்றியதன்று, எங்கள் தொழிலைப் பற்றியது. பழைய பாட்டை மேடையில் வாசிக்கக் குழல்காரர், வயலின்காரர், தபலாக்காரர், கிட்டார்காரர் எல்லோரும் வேண்டும். ஒவ்வொருவருக்கும் அதில் தனித்து ஒலிக்கும் இடம் இருந்தது. அந்த இடத்துக்காகவே பிள்ளைகள் வாத்தியம் கற்றுக்கொண்டு குழுவில் சேர வந்தார்கள். லூப்பில் பிறந்த பாட்டை மேடைக்குக் கொண்டுவர ஒரு மடிக்கணினியும், தாளத்துக்கு ஒரு பேடும், பாட இருவரும் போதும். எஞ்சியோர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் குழுவில் குழல் வாசித்தவர் இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டார், அவருடைய பகுதியை நான் கீபோர்டில் வாசிக்கிறேன். கேட்பவர்களுக்கு வேறுபாடு தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரிகிறது.

ஆகையால் கேள்வியைச் சற்றுக் குறுக்கிக்கொள்கிறேன். இன்று நல்ல மெட்டுகள் பிறக்கின்றன என்பதில் எனக்கு மறுப்பில்லை. மேடையில் பலர் சேர்ந்து வாசிக்கத்தக்க பாட்டுகள் குறைந்துவிட்டன என்பதே என் முறையீடு. கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் வந்தவற்றுள் இரண்டு சரணமும், குழலுக்கும் வயலினுக்கும் தனி இடமும் உள்ள பாட்டுகளை, படத்தில் வந்தவை ஆனாலும் தனிப்பாட்டுகள் ஆனாலும், ஆனையூர்த் தம்பியும் மற்றவர்களும் இங்கே பட்டியலிட்டால் ஆவணியில் முகூர்த்தங்கள் தொடங்குமுன் ஒத்திகை பார்த்துவிடுவோம். குழலுக்கு ஆள் தேடுவது என் பொறுப்பு.